கரண்ட் போனால் பயமில்லை, வந்தால்தான்

2 மே 2024, காலை

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு வாசகர்: "போன வாரம் இன்வர்ட்டர் போட்டாச்சு. டார்ச் இரண்டு, மெழுகுவத்தி ஒரு டஜன், பவர் பேங்க் ஒன்று. இனி கரண்ட் போனால் போகட்டும், வீட்டில் எல்லாரும் பத்திரம் என்றுதான் நினைக்கிறேன். இன்னும் ஏதாவது வாங்கி வைக்க வேண்டுமா?"

2 மே, இரவு

வாங்குவது இருக்கட்டும். கரண்ட் போனதும் முதலில் என்ன செய்கிறீர்கள்? டார்ச்சைத் தேடுவீர்கள். 2012 வரை நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம் வேலூரில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. கரண்ட் இருக்கும்போதே தண்ணீர் ஏற்று, துவை, அரை, சார்ஜ் போடு என்று வீடே ரயிலைப் பிடிக்க ஓடுவதுபோல ஓடும். அப்படி ஓர் சாயங்காலம் அம்மா இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தார். பாதி மாவில் கரண்ட் போய்விட்டது. அரைபட்ட வரைக்கும் வழித்து வைத்துவிடலாம் என்று கையை உள்ளே விட்டார். ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது. வழக்கமாக முழுசாக ஒரு மணி நேரம் ஆகும், அன்றைக்குப் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது.

கல் சுற்றியதும் வளையல் முதலில் மாட்டியது. கண்ணாடி வளையல் என்பதால் நொறுங்கிப்போய்க் கையை விட்டது. மணிக்கட்டில் நாலு தையல், நடுவிரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது. தங்க வளையலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா இன்னும் சொல்வதுண்டு. வீட்டில் தங்க வளையல் இல்லாமல் போனதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே நாள் அது.

இருட்டு பத்து நிமிஷம் இருந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெளிச்சம் வந்த நொடியில்தான் அடி. அதனால் உங்கள் பட்டியலில் நான் முதலில் சேர்ப்பது காசில்லாத வேலை: கரண்ட் போனதும் ஸ்விட்சை அணையுங்கள். கிரைண்டர், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், மோட்டார், வெந்நீர்க் கம்பி, எல்லாம். ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டபடி விடுங்கள், கரண்ட் வந்தது தெரிய வேண்டுமே. எங்கள் வீட்டில் அது வாசல் விளக்கு.

3 மே

"கிரைண்டரில் கை மாட்ட வழியே இல்லை" என்று ஒருவர். சார், நான் சொல்வது இப்போதுள்ள டேபிள் டாப் இல்லை. பெரிய கல் கிரைண்டர், இரண்டு பேர் சேர்ந்து நகர்த்த வேண்டியது. அது இன்னும் எத்தனையோ வீட்டில் ஓடுகிறது. மாவுக் கடைகளில் கேட்கவே வேண்டாம்.

அயர்ன் பாக்ஸ் கதை என்னுடையது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாலாஜாவில் கல்யாணம். வேட்டியைத் தேய்க்கும்போது கரண்ட் போனது. சுருக்கம் தெரியாது என்று அப்படியே கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பெட்டி மேஜைமேல் படுத்த வாக்கில், ஸ்விட்ச் போட்டபடி. சாப்பிட்டு மத்தியானம் திரும்பினால் தெருமுனையிலேயே கருகல் வாசனை. விரித்திருந்த போர்வையில் பெட்டி வடிவத்தில் ஒரு ஓட்டை, மேஜைப் பலகை கரி. பக்கத்தில் ஜன்னல் திரை தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு முழ தூரம்தான்.

5 மே

நேற்று கத்திரி பிறந்தது, நம் ஊரைக் கேட்கவா வேண்டும். நூற்றுக்கு மேல் அடித்தால் மற்ற ஊரில் செய்தி, இங்கே அது சாதாரண நாள்.

தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லா கோட்டை, சாமி இல்லா கோவில், மரமில்லா மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டல்லவா? 'கரண்ட் இல்லா கம்பி' என்று அதில் ஒன்றைக் கூடச் சேர்த்தார் என் அண்ணன். எல்லாரும் சிரித்தோம். ஆனால் யோசித்தால் அந்தப் பட்டியலில் ஆபத்தானது அதுதான். கரண்ட் இல்லை என்று நினைத்துத் தொடுகிற கம்பி. அப்புறம் வருகிறேன் இதற்கு.

5 மே, சற்று நேரம் கழித்து

திருத்தம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்பி வந்துவிட்டார், சாமி இல்லா கோவில் என்று இன்னும் சொல்லக்கூடாது என்று காட்பாடிக்காரர் ஒருவர் கண்டித்திருக்கிறார். சரி. 2021 நவம்பரில் பாலாறு கரை தட்டி ஓடியதையும் சேர்த்தால் பட்டியலில் இரண்டு காலி.

8 மே

இன்சுலின் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இதை நீட்டித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் ஆயாவுக்கு இருபது வருஷ சர்க்கரை.

பிரிக்காத மருந்துக்கு ஃபிரிட்ஜின் குளிர் வேண்டும், 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். பிரித்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கிற குப்பி, பெரும்பாலான வகைகளில், அறை வெப்பத்தில் நாலு வாரம் வரை தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கும். ஆனால் 'அறை வெப்பம்' என்று அந்தத் தாளில் போடுவது சுமார் 30 டிகிரிக்குள். மே மாதத்தில் மின்விசிறி நின்றுபோன வேலூர் அறையை அந்தத் தாளை எழுதியவர் பார்த்திருக்க மாட்டார்.

2012-ல் டாக்டரிடம் கேட்டபோது மண்பானையைச் சொன்னார். பெரிய பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, மூடிமேல் நனைத்த துணி. மருந்தை ஈரம் படாமல் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உள்ளே வைக்க வேண்டும். பானை முழுக்க நிழலில், காற்று வருகிற இடத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது. ஆனால் அறையைவிடப் பல டிகிரி குறையும், அது போதும். ஆயாவுக்கு அந்தப் பானைமேல் அவ்வளவு பெருமை. வந்தவர்களிடமெல்லாம், "இதுதான் எம் ஃபிரிட்ஜு, கரண்ட்டு பூட்ச்சின்னாலும் நிக்காது" என்பார்.

பதறிப்போய் ஐஸ் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். சித்தப்பா வீட்டில் அப்படிச் செய்தார்கள். உறைந்து உருகிய இன்சுலின் பார்க்க ஒழுங்காகவே இருக்கலாம், வேலை செய்யாது. ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டி வைப்பதும் கூடாது.

வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருப்பவர்கள்: இன்வர்ட்டரை மட்டும் நம்ப வேண்டாம். நிரப்பிய சிலிண்டர் ஒன்று, அதைத் திறக்கத் தெரிந்த இரண்டு பேர். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் அவர் கடைக்குப் போயிருக்கும்போதுதான் கரண்ட் போகும். அந்த அறையில் மெழுகுவத்தியே வேண்டாம்.

9 மே

ஃபிரிட்ஜ்: கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளே குளிர் சுமார் 4 மணி நேரம் நிற்கும். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிறைந்தது ஒரு நாள். ஆனால் நம் வீடுகளில் கரண்ட் போனதும் எல்லாரும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஃபிரிட்ஜைத் திறந்து "இன்னும் சில்லுன்னு இருக்கா" என்று பார்ப்போம். அதனாலேயே சில்லுன்னு இல்லாமல் போகும்.

குடியாத்தம் அக்கா ஒருவர்: ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை, மிச்சமான ஆம்பூர் பிரியாணியைச் சூடு பண்ணிச் சாப்பிடலாமா? வேண்டாம் அக்கா. வெந்த சோற்றில் வளர்கிற ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு, சூடு பண்ணினாலும் போகாது. பழைய சோறு வேறு கணக்கு என்கிறீர்கள், அதில் தலையிட எனக்குத் தைரியம் இல்லை.

13 மே

இன்வர்ட்டர் கணக்கு. 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, 12 வோல்ட். பெருக்கினால் 1800 வாட்-ஹவர். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட், இரண்டு ஓடினால் 150, விளக்கெல்லாம் சேர்த்து 180 ஆகட்டும். பத்து மணி நேரம் ஓடும். குறைந்த கரண்டில் ஓடும் புதிய பி.எல்.டி.சி. விசிறி என்றால் ஒன்றுக்கு 30 வாட்தான், இருபது மணி நேரம்.

14 மே

நேற்றுப் போட்ட கணக்கு பள்ளிக்கூடக் கணக்கு என்று பேட்டரி கடைக்காரர் ஒருவர் திருத்தினார். பேட்டரியை அடி வரைக்கும் வழிக்கக் கூடாது, இன்வர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும், மூன்று வயதான பேட்டரி புதியது மாதிரி இருக்காது. நான் சொன்னதில் பாதியை எதிர்பாருங்கள். பத்து என்றால் ஐந்து. மிச்சம் கிடைத்தால் லாபம்.

அவர் சொன்ன இன்னொன்று முக்கியம். சார்ஜ் ஏறும்போது இந்த வகைப் பேட்டரி ஹைட்ரஜன் வாயு விடும். பூட்டிய அலமாரிக்குள், படுக்கை அறைக் கட்டிலடியில் வைக்கக் கூடாது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும்போது அளவு தெரியவில்லை என்று தீக்குச்சி கிழித்துப் பார்த்தவர் ஒருவரை அவருக்குத் தெரியுமாம். கண் தப்பியது, புருவம் தப்பவில்லை.

இன்று குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. போகிறவர்கள் கூட்டத்தில் தண்ணீர் பாட்டிலோடு போங்கள். இதற்கும் தலைப்புக்கும் சம்பந்தமில்லை.

22 மே

நேற்று சாயங்காலம் கோடை மழை, சூறைக்காற்று. எங்கள் தெருவில் கரண்ட் போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏழு மணிக்கு ஹால் விளக்கு கண்ணைக் கூசுகிற மாதிரி எரிந்தது. மின்விசிறி ஹெலிகாப்டர் சத்தம். அதே நேரம் எதிர்வீட்டில் விளக்கு மினுக் மினுக்கென்று மங்கியது. எனக்கு உறைக்க அரை நிமிஷம் ஆயிற்று: நியூட்ரல் போய்விட்டது. ஓடிப்போய் மெயினை இறக்கினேன். அதற்குள் செட்டாப் பாக்ஸ் போய்விட்டது. பக்கத்து வீட்டில் மெயினை இறக்கவில்லை, அவர்களுக்கு டிவி, ஃபிரிட்ஜ், மூன்று விளக்கு.

எப்படி என்றால்: கம்பத்தில் மூன்று ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் கம்பி, வருகிறது; மூன்றுக்கும் பொதுவாக ஒரு நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400. நியூட்ரல் அறுந்தால் ஒரு வீட்டுக்கு 230 என்ற பிடிமானம் போய்விடும். குறைவாக இழுக்கிற வீட்டுக்கு 400 பக்கம் ஏறும், நிறைய இழுக்கிற வீட்டுக்கு இறங்கும். ஒரு வீடு பளிச், ஒரு வீடு மங்கல் என்றால் அடையாளம் அதுதான். அந்த நேரத்தில் ஒரே வேலை, மெயினை இறக்குவது. அப்புறம் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987.

இதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று எரிச்சலூட்டுகிறது. ஒரு ஃபேஸ் போனதும் பீஸ் கேரியரைப் பிடுங்கி வேறு ஃபேஸில் சொருகுவது. எல்லாரும் ஒரே ஃபேஸில் ஏறினால் அதுவும் போகும். பீஸ் அடிக்கடி போகிறது என்று கம்பியை இரண்டு மூன்று இழையாக முறுக்கிப் போடுவது அதைவிட மோசம். எரிந்துபோக வேண்டியது பீஸ் கம்பி. அது எரியாவிட்டால் சுவருக்குள் இருக்கிற வயர் எரியும். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு முறுக்குக் கம்பி இருந்தது. போட்டது யார் என்று கேட்காதீர்கள்.

23 மே

"உங்களுக்கு எதிர்வீட்டு விளக்கைப் பார்க்க நேரம் எங்கே கிடைத்தது?" கதவு திறந்திருந்தது சார். வேலூரில் மே மாதம் யார் கதவைச் சாத்துகிறார்கள்?

2 ஜூன்

மொட்டை மாடியில் படுப்பது பற்றி ஓர் அம்மா எழுதியிருக்கிறார். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் பிள்ளைகளைப் படுக்க வைக்க வேண்டாம், தூக்கத்தில் எழுந்து நடக்கிற வயசு. சாயங்காலம் மாடித் தளத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் கீழே அறை கொஞ்சம் தணியும். தண்ணீர் இருந்தால்.

கீழே திண்ணையிலோ தரையிலோ படுப்பவர்கள், குறிப்பாக ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கம் மலையடிவார ஊர்க்காரர்கள்: கட்டுவிரியன் இரவில் நடமாடும், தரையில் தூங்குபவரைத் தூக்கத்திலேயே கடிக்கும். பெரும்பாலும் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியவில்லை என்றால் வெயில் மயக்கம் என்று மோர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டிலில் படுங்கள், கொசுவலையை விளிம்பு மடித்துச் சொருகுங்கள். பக்கத்தில் டார்ச்.

கொசுவலை என்றதும் மெழுகுவத்தி ஞாபகம் வந்தது. ஒரு டஜன் வாங்கிய சத்துவாச்சாரிக்காரரே, அதைப் பூஜை அறைக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு சார்ஜ் லைட்டே போதும். வலை, நைலான் புடவை, காலண்டர், எல்லாம் மெழுகுவத்தித் தீக்குச் சோறு.

19 ஜூன்

காஸ் வாசனை. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எங்கள் மாடி அறையில், ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு வங்காளக் குடும்பம் இரண்டு மாதம் குடியிருந்தது. ஒருநாள் கரண்ட் இல்லாத நேரம் ட்யூப் கசிந்திருக்கிறது. விசிறி நின்றிருந்ததால் வாசனை கலையாமல் நின்றது. அந்தப் பெரியம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. ஆனால் அவர் செய்தது பாடப்புத்தகம்: ரெகுலேட்டரை மூடி, ஜன்னலையும் கதவையும் திறந்து, ஒரு ஸ்விட்சையும் தொடாமல் எல்லாரையும் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நான் கீழே ஓடிப்போய், வெளியில் இருந்த அந்த அறைக்கான மெயினை இறக்கினேன். சமையல் காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். கரண்ட் வந்து ஃபிரிட்ஜ் கிளம்பும்போது விழும் சின்னப் பொறி போதும். கசிவுக்கு எண் 1906.

மறுபடியும் பாருங்கள், கரண்ட் போனது பிரச்சினை இல்லை. வந்திருந்தால்தான்.

20 அக்டோபர்

நாலு மாதம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, நானும்தான். தீபாவளி நெருங்குகிறது, கடைக்காரர் ஒருவர் ஜெனரேட்டர் பற்றிக் கேட்டார். ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே ஓட்டலாமா, மழை பெய்கிறதே என்று.

கூடாது. வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். மணமில்லை, நிறமில்லை. முதலில் தலைவலி, மயக்கம், வாந்தி, அதற்குள் எழுந்து நடக்கத் தெம்பு இருக்காது. வெளியே, கதவு ஜன்னலிலிருந்து இருபது அடியாவது தள்ளி. ஏலகிரிக்குப் போய்க் குளிர்கிறது என்று அடைத்த அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவதும் இதே கதைதான்.

ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்கே ஓட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் கரண்ட் கம்பத்துக்குத் திரும்பிப் போகும். டிரான்ஸ்பார்மர் வழியாகப் பின்னால் ஏறினால் மேல் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட். மேலே ஏறியிருக்கிற லைன்மேனுக்கு அது கரண்ட் இல்லா கம்பி. அண்ணன் சொன்ன பட்டியல் ஞாபகம் இருக்கிறதா? வீட்டை லைனோடு அல்லது ஜெனரேட்டரோடு, ஒரு நேரத்தில் ஒன்றோடு மட்டும் சேர்க்கிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் போடாமல் ஜெனரேட்டர் வைக்கவே கூடாது.

3 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு, ஊத்தங்கரை வெள்ளம். அங்கே நடந்ததை நினைத்தால் எங்கள் தெருவின் கரண்ட் கதை ஒன்றுமே இல்லை. ஒரு மரக்கிளை, ஒரு கம்பி, ஓர் இரவு.

கம்பி தேங்கிய தண்ணீரில் கிடந்தது. ஒரு பையன் குச்சியால் தள்ளப் போனான், "கரண்ட்தான் இல்லையே" என்று. தெருவே கத்தியது. விழுந்த கம்பி செத்த பாம்பு மாதிரி கிடக்கும், மெயின் லைன் போட்டதும் உயிர் வரும். ஈர நிலமே கரண்டைப் பரப்பும். கிட்டே நின்றுவிட்டோம் என்று தெரிந்தால் ஓடக் கூடாது, இரண்டு காலையும் ஒட்டி வைத்துத் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும். கம்பத்தை இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பியில் ஆடு கட்டுவது, கம்பத்தில் கொடிக்கயிறு கட்டுவது, இதெல்லாம் மழைக்காலத்தில் வேண்டாம். ஆட்களை நிறுத்தி இரண்டு பக்கமும் சைக்கிளைக் குறுக்கே போட்டு லைன்மேன் வரும்வரை காவல் இருந்தோம்.

5 டிசம்பர்

சத்துவாச்சாரி வாசகர் திரும்ப வந்திருக்கிறார், மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவை:

"நீங்கள் எழுதியபடியே செய்தோம். 1-ஆம் தேதி கரண்ட் போனதும் எல்லா ஸ்விட்சையும் அணைத்தேன், ஃபிரிட்ஜையும் சேர்த்து. ஹால் விளக்கு ஒன்றை மட்டும் போட்டு விட்டோம். அது எரிந்துகொண்டே இருந்தது. ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை, மோட்டார் போடவில்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டில் மிக்ஸி சத்தம் கேட்டுத்தான், கரண்ட் ஆறு மணிக்கே வந்துவிட்டது தெரிந்தது. ஹால் விளக்கு இன்வர்ட்டர் லைன்."

5 டிசம்பர், இரவு

என் தப்பு. எங்கள் வாசல் விளக்கு இன்வர்ட்டரில் இல்லை, அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. மே 2-ஆம் தேதிக் குறிப்பில் சேர்த்துப் படியுங்கள்: இன்வர்ட்டர் லைனில் இல்லாத ஒரு விளக்கு. பால் கெட்டுவிட்டதா சார்?